லொறிக்காரன் மிளகைப் பார்க்கவில்லை

போன கிழமை நீங்க என்னை உங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கையும் கையில் கொடுத்தீங்க. "இன்டர்நெட்டில யாவாரம் தொடங்குற பிள்ளைகளுக்கு, ஏமாறாம இருக்க நாலு வார்த்தை சொல்லுங்க சித்தி" என்று கேட்டீங்க. நான் எழுந்து, "எல்லாரும் கவனமா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் பாவம், கை தட்டினீங்க. வீட்டுக்கு வந்து எனக்கு ஒரே வெட்கம். நான் சொல்ல நினைத்தது அது இல்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அந்தக் குணத்தால் ஒரு பிள்ளை என்ன ஆனாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நேரில் சொல்ல வராததால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

கொம்பியூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை கொமினிகேசன் கடை ரிஸ்வானா உங்களுக்குச் சொல்லித் தருவாள். எனக்குத் தெரிந்தது சரக்கு வாங்க வருகிற ஆட்களை. முப்பது வருஷத்துக்கு மேல் அவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் எப்படி? தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் கராம்பில் காம்பு பொறுக்கிக்கொண்டே. நிமிர்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் குனிந்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எழுபத்து மூன்று, எழுபத்து நாலில் தேயிலைத் தோட்டங்களில் பசி. நாங்கள் இரத்தோட்டைக்கு மேலே இருந்தோம். நான் தோட்டத்து லய வீட்டை விட்டு இறங்கி வந்து, மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மிளகு, கராம்பு, சாதிக்காய், சாதிக்காயைச் சுற்றிச் சிவப்பாக இருக்கிற வசுவாசி, எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பத்துப் பெண்கள் உட்கார்ந்து சுத்தம் பண்ணுவோம்.

வாங்க வருகிற யாவாரிகளைப் பார்த்தால் முதலில் எனக்குக் கோபம் வரும். அவ்வளவு குறை சொல்லுவார்கள். கண்டியில் இருந்து வருகிற ஒருத்தர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் இருக்கிற மிளகை அள்ளி, "இது மிளகா, இல்ல பப்பாசி விதையக் கறுப்பாக்கி வச்சிருக்கீங்களா?" என்பார். முதலாளி சிரித்துக்கொண்டே, "பப்பாசி விதைக்கு இந்த விலை சொல்ல மாட்டேனே" என்பார். பிறகு கண்டிக்காரர் அதை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார், உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார், காயவில்லை என்று சண்டை பிடிப்பார். கடைசியில் வாங்கிக்கொண்டு போவார். வருஷக் கணக்காக அப்படித்தான்.

ஒரு நாள் காரில் ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை. கடையில் இருக்கிற கராம்பு முழுவதும் வேண்டும் என்றார். விலை கேட்டார், முதலாளி சொன்னார், சரி என்றார். அவ்வளவுதான். முதலாளி, "மன்னிக்கணும் தொரை, இந்தச் சரக்கு வேற ஆளுக்குப் பேசி முடிச்சது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்கு ஆச்சரியம். எங்களில் மூத்தவள் கேட்டே விட்டாள்: "ஏன் முதலாளி, யாருக்குப் பேசி முடிச்சீங்க? நேத்துத்தானே ஒருத்தரும் வரலைன்னு கவலைப்பட்டீங்க?"

"அவன் கராம்பு வாங்க வரல புள்ள" என்றார் முதலாளி. "கராம்பு வாங்க வந்தவன் ஒண்ணு எடுத்துக் கடிப்பான். இவன் என்ட முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தான்."

அதே கிழமை, தெருவின் அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்காரர் ஒரு செக்கை நம்பி அந்த ஆளுக்கு லொறி நிறையச் சரக்குக் கொடுத்தார். செக் திரும்பி வந்தது. அந்தக் கடை அந்த வருஷமே மூடிப் போனது.

எண்பத்து மூன்று கலவரத்தில் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு வைத்த நெருப்பு எங்கள் கடைக்கும் வந்தது. முதலாளி பிறகு சின்னதாக ஒரு அறையில் நடத்தினார். அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் இருந்தே மிளகு வாங்கி, சுத்தம் பண்ணி, பக்கட் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். அப்படி இருக்கும்போதுதான் பரமேஸ் வந்து சேர்ந்தாள்.

பரமேஸ் எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளை, என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். ஒரு நாள் லொட்ஜில் பொலிஸ் செக்கிங் நடந்ததாம், பிடித்துக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பரமேஸ் கைப்பிள்ளையோடு கொழும்புக்குப் போய்ப் போய் ஒவ்வொரு வாசலாக நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிள்ளையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்று வருஷம் கழித்து வந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயசு. இவள் கையை நீட்டினால் தமக்கையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளியும். "யாரும்மா இவங்க?" என்று கேட்டதாம்.

அந்தப் பிள்ளை அவளிடம் வர ஒரு வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றை ஒன்று விடாது. "சித்தி, கஞ்சி குடிச்சாலும் சரி, இனி நான் இவளை விட்டுட்டுப் போக மாட்டேன். நீங்க எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கி விடுங்க" என்று கேட்டாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க. அவளுக்குப் பணக்காரியாக வேண்டும் என்ற ஆசை எல்லாம் இல்லை. ஊரில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான்.

கெட்டிக்காரி. என்னை மாதிரி இல்லை, நன்றாக வாயாடுவாள். சிங்களமும் பேசுவாள். ஆனால் புதுசாக ஒன்றைக் கண்டால் வாங்கிவிட வேண்டும். பொலித்தீன் பையை ஒட்டுகிற மெசின் ஒன்றை ஒருத்தன் கொண்டு வந்தான். வெறும் பையை வைத்து அமுக்கினான், டக்கென்று ஒட்டியது. இன்னொரு பை, இன்னொரு பை. "பாருங்க அக்கா, ராணி மாதிரி உட்கார்ந்துகிட்டே ஒட்டலாம்" என்றான். பரமேஸ் வாங்கிவிட்டாள். அவன் போன பிறகு மிளகுத்தூளைப் போட்டு ஒட்டினால், பை வாயில் தூள் படிந்து ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு பேரும் தும்மித் தும்மிக் கண்ணீர் வடித்தோம். "ராணிக்குத் தடிமன் பிடிச்சிருக்கு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாய்விட்டுப் பகிடி சொன்னது அவளிடம் மட்டும்தான்.

உங்களில் யாராவது மெசின் வாங்கப் போனால், உங்க சரக்கைக் கையோடு கொண்டு போய் அதில் போட்டு ஓட்டச் சொல்லுங்க. வெறும் பையை ஒட்டிக் காட்டுகிறவனுக்குப் பையைப் பற்றித்தான் தெரியும். சரி, அது சின்ன நட்டம். சிரித்து மறந்தோம்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ரிஸ்வானாவின் கொமினிகேசன் கடை இருந்தது. போன் பேசலாம், பெக்ஸ் அனுப்பலாம், ஒரு கொம்பியூட்டரும் இருந்தது. வடக்குக் கிழக்கில் சண்டை மறுபடி பெரிதாகத் தொடங்கிய நேரம். பரமேஸ் பிள்ளையின் ஸ்கூலுக்கு ஏதோ பெக்ஸ் அனுப்பப் போனவள், ரிஸ்வானாவோடு பேசிப் பேசி, எங்கள் மிளகையும் கராம்பையும் படம் பிடித்து இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு கிழமையில் இங்கிலீசில் ஒரு ஈமெயில் வந்தது. கொழும்பில் இருக்கிற, வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்றுகிற ஒரு கம்பனியாம். ஐந்து கிலோ அனுப்பச் சொன்னார்கள். தபாலில் அனுப்பினோம். மூன்றாம் நாள் காசு பேங்கில் விழுந்தது. பரமேஸ் வழி முழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏழு வயசுப் பிள்ளை, கால் நிலத்தில் இழுபடுகிறது.

பிறகு பெரிய ஓடர் வந்தது. மிளகு, கராம்பு, வசுவாசி, ஒவ்வொன்றும் மூட்டைக் கணக்கில். ஓடர் போட்டவர் போனிலும் பேசினார். நல்ல தமிழ். ரிஸ்வானா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"தங்கச்சி, நீங்க கொழும்புக்கு வரணும்னு ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கிற செக்கிங்ல நம்ம ஆக்கள் வந்து ஏன் கஷ்டப்படணும்? பார்சலையும் பஸ்காரங்க ஏத்த மாட்டாங்க. லொறிய நானே அனுப்புறேன். நீங்க வீட்டை விட்டு இறங்கவே வேணாம்."

பரமேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுசன் நம்ம நிலைமை தெரிஞ்சவரு சித்தி."

தெரிந்தவர்தான். வேறு நாளாக இருந்தால் நாங்கள் ஒரு பஸ் ஏறிப் போய், அந்தக் கம்பனி இருக்கிறதா, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்திருப்போம். அந்த நாளில் தமிழ் ஆட்கள் சும்மா கொழும்புக்குப் போக மாட்டார்கள். வழியெல்லாம் இறக்கி ஏற்றுவார்கள், ஏன் வந்தாய், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்பார்கள். பரமேஸ் கொழும்புப் பக்கம் தலை வைத்தே படுக்க மாட்டாள். போய்ப் பார்க்க மாட்டோம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் பயந்ததையே அவர் தயவு மாதிரி திருப்பிக் கொடுத்தார். இது எங்களைப் போன்ற ஆட்களுக்கென்றே செய்த பொறி. உங்க பயத்தைத் தெரிந்துகொண்டு ஒருத்தர் இரக்கப்பட்டால், அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்த இரக்கத்தால் நீங்க எதைப் பார்க்காமல் விடுகிறீங்க என்று ஒரு தடவை யோசியுங்க.

எனக்கு ஒன்று சரியாகப் படவில்லை. அவர் மிளகு காய்ந்ததா, கனமா, சொத்தையா என்று ஒன்றும் கேட்கவில்லை. அது வசுவாசி வருகிற காலமும் இல்லை. பழைய வசுவாசிதான் இருக்கிறது, நிறம் செத்துப் போயிருக்கும் என்று பரமேஸ் நேர்மையாகச் சொன்னாள். "பரவாயில்ல தங்கச்சி, அதே விலை போடுங்க" என்றார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு யாவாரி வாயில் இருந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் கராம்பு புடைக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"பரமேஸ், அவரு மாதிரி கேட்டாரா?"

"என்ன மாதிரி?"

"மூட்டையில இருந்து ஒரு பிடி. பார்க்கிறதுக்கு."

"அஞ்சு கிலோ அனுப்பினோமே சித்தி, அதுதான் மாதிரி."

"அது நாம பொறுக்கி எடுத்த பக்கட். இது மூட்டை. வாங்குறவங்க கடிச்சுப் பார்ப்பாங்க..."

"ஐயோ சித்தி, இது இன்டர்நெட்! இதுல எப்பிடிக் கடிச்சுப் பார்க்கிறது? கொம்பியூட்டரையா கடிக்கிறது?"

வீட்டுக்கு வந்திருந்த ரிஸ்வானா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இங்கிலீசில் வந்த கடிதம், படித்தவர்கள் பண்ணுகிற வேலை, ஐந்தாம் வகுப்புப் படித்த நான் அதில் என்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் பிழை விட்டது அங்கேதான். வந்த வழிதான் புதுசு. வந்தவன் பழைய ஆள். தோல் பையோடு காரில் வந்தவனும் இவனும் ஒரே ரகம்தான். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவ்வளவு சரக்கு எங்களிடம் ஏது? இரத்தோட்டைப் பக்கம் நாலு வீட்டில் போய்க் கேட்டோம். காசு பிறகு தருகிறோம் என்றோம். அவர்கள் பரமேஸின் வாயைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பக்கத்தில் பேசாமல் நின்ற என்னைப் பார்த்துக் கொடுத்தார்கள். "இவ நின்னா சரிதான்" என்றார் ஒருத்தர். நான் நின்றேன். அதுவும் ஒரு பேச்சுத்தான் என்று அப்போது தோன்றவில்லை.

லொறி வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். அதற்குக் கொஞ்சம் முன்னால் ரிஸ்வானா ஒரு பெக்ஸ் கொண்டு வந்தாள். பேங்கில் பணம் போட்ட சிலிப். முத்திரை எல்லாம் இருந்தது. பரமேஸின் கணக்கு இலக்கம் சரியாக இருந்தது. ஆனால் பேங்க் மூடிவிட்டது. அடுத்த நாள் சனி, பிறகு ஞாயிறு, திங்கள் போயா, பௌர்ணமி லீவு. செவ்வாய்க்கிழமைதான் திறக்கும்.

இரண்டு ஆட்கள் மூட்டையைத் தூக்கி ஏற்றத் தொடங்கினார்கள். என்னிடம் சாக்கைக் குத்தி மாதிரி எடுக்கிற இரும்பு ஊசி இருந்தது, பழைய கடையில் இருந்து வந்தது. அதைக் கொண்டு போய் லொறிக்காரனிடம் நீட்டினேன். பார்த்து ஏற்றுங்க என்று தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் அதை என்ன என்று தெரியாமல் பார்த்தான். "வேணாம் அம்மே, கெதியா ஏத்தணும்" என்றான். ஒரு மூட்டையின் வாயைக்கூட அவிழ்க்கவில்லை. எண்ணினான், ஏற்றினான். எங்கள் மூட்டைக்குள் மண் இருந்திருந்தாலும் கொண்டு போயிருப்பான்.

அந்த இடத்தில் நான் நின்றேன், பிள்ளைகளே. ஊசி கையில் இருக்கிறது. பரமேஸ் மூட்டை ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அனுப்புகிறாள். அவளுடைய மகள் லொறி டயர் மேல் ஏறி நின்று விளையாடுகிறது. நான் சொல்ல வேண்டியது ஒரு வசனம். "செவ்வாய்க்கிழமை வாங்க." அவ்வளவுதான். நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் லொறிக்காரன் கத்துவான், சனம் பார்க்கும், ஓடர் போய்விட்டால் பரமேஸ் என்ன செய்வாள், நான் சொல்வது பிழையாக இருந்தால் என்ன செய்வது? இப்படி யோசித்து முடிக்கிறதற்குள் பின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பேங்க் திறக்கும்போதே போய் நின்றோம். கவுண்டரில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். சிலிப்பைப் பார்த்தார், உள்ளே போனார், வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "தங்கச்சி, இது செக் போட்ட சிலிப். காசு வந்ததெண்டு அர்த்தமில்லை. அந்தச் செக் பாஸாகாது, அந்தக் கணக்கு மூடிக் கனகாலம்."

பரமேஸ் அவருக்கு நன்றி சொன்னாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்காது. "நன்றிங்க ஐயா" என்று சொல்லி, சிலிப்பை மடித்துப் பையில் வைத்தாள்.

போன் வேலை செய்யவில்லை. ஈமெயிலுக்குப் பதில் இல்லை. பொலிஸுக்குப் போவோம் என்று ரிஸ்வானா சொன்னாள். வாசல் வரைக்கும் போனோம். பரமேஸ் உள்ளே வரவில்லை. "புருசன் பேரு கேப்பாங்க சித்தி. எங்கன்னு கேப்பாங்க. பிள்ளை தனியா இருக்கு" என்றாள். திரும்பி வந்துவிட்டோம்.

அந்த நாலு வீட்டிலும் ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தர் வந்து, மகளின் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டதாகச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பரமேஸை அடித்திருக்கலாம். அன்றைக்கே அவள் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குப் போன் பண்ணினாள்.

அவள் போன நாள் பகல் பஸ் நிலையத்தில் நின்றோம். பிள்ளை என் பக்கத்தில் நின்றது. இந்த முறை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"பரமேஸ், எனக்கு அன்னைக்கே சந்தேகம் இருந்துச்சு. லொறி வந்தப்பவே. நான் வாயைத் திறக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும் சித்தி" என்றாள். "உங்க முகத்தைப் பார்த்தேன். நீங்க ஏதாவது சொல்லிருவீங்களோன்னு பயந்துதான் அதுக்கப்புறம் உங்க பக்கம் திரும்பவே இல்ல."

பஸ் வந்தது. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு ஏறினாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஏமாறப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீங்க. பாதி நேரம் அவருக்கும் தெரியும். தேவை பெரிசாக இருப்பதால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அவராகக் கேட்பார், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தால் லொறி போய்விடும். கேட்காமலே சொல்ல வேண்டும். பிழையாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு தடவை நான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன், பெருமைக்கு இல்லை.

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் வசந்தி என்று ஒருத்தி, சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பாள். அவளும் ரிஸ்வானாவிடம் வந்து விளம்பரம் போட்டவள். ஒரு நாள் நான் பரமேஸின் மகளை, அவள் அம்மாவிடம் போன் பேசக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வசந்தி இரண்டு பெரிய சட்டை மூட்டையோடு கடை வாசலில் நிற்கிறாள். சரக்கு எடுக்க த்ரீவீலர் வந்து நிற்கிறது. கையில் பெக்ஸில் வந்த பேங்க் சிலிப். வாங்குகிறவரை அவள் பார்த்ததில்லை. சைசும் கேட்கவில்லையாம், எல்லாம் வேண்டுமாம்.

"பேங்க்ல கேட்டியா?" என்றேன்.

"நாளைக்குக் கேக்கிறேன் அம்மா. த்ரீவீலர் நிக்குது."

எனக்கு வாய் வரவில்லை. அப்போது நான் செய்தது பேச்சு இல்லை. போய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அம்மா செய்றீங்க? எழும்புங்க!"

"நாளைக்கு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

த்ரீவீலர்காரன் சிரித்தான். "ஆச்சியும் சேர்த்தா ஏத்தணும்? பாரம் கூடுதே!" சனம் கூடிவிட்டது. நான் மூட்டையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வசந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்க யாவாரம் நாசமாப் போனா என்னோடதும் போகணுமா? உங்களுக்குப் பொறாமை!" என்று கத்தினாள். நான் எழும்பவில்லை. ரிஸ்வானா வந்து என் பக்கத்தில் மற்ற மூட்டையில் உட்கார்ந்தாள். த்ரீவீலர்காரன் யாருக்கோ போன் பண்ணிப் பேசிவிட்டுப் போய்விட்டான். அந்த ஓடரும் அதோடு போனது. வாங்க இருந்தவர் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டாராம்.

அவர் கள்ளனா? எனக்குத் தெரியாது. சிலிப்பில் இருந்த காசு பிறகு வந்ததா இல்லையா என்று வசந்தி எனக்குச் சொல்லவில்லை. நல்ல மனுசனாகவும் இருந்திருக்கலாம், அவசரக்காரராக இருந்திருக்கலாம். நடந்துவிட்ட ஏமாற்றுக்குச் சாட்சி இருக்கும். நடக்காமல் போனதற்கு ஒன்றும் இருக்காது. நீங்க ஒருத்தரைத் தடுத்து நிறுத்தினால் அவர் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார். நட்டம் உங்களால்தான் வந்தது என்று சாகும் வரை சொல்லுவார். அதையும் தெரிந்துகொண்டுதான் மூட்டை மேல் உட்கார வேண்டும்.

சண்டை முடிந்துவிட்டது. கொழும்புக்கு இப்போது போய் வரலாம் என்கிறார்கள். பரமேஸ் இன்னும் வரவில்லை. அந்த நாலு வீட்டில் மூன்று வீட்டுக்குக் காசு அனுப்பி முடித்துவிட்டாள். இன்னும் ஒரு வீடு இருக்கிறது, ஏஜென்சிக்காரனின் கடனும் இருக்கிறது. எனக்குக் கண் மங்கிவிட்டது, இனிக் கராம்பு பொறுக்க முடியாது.

இந்த முறை கோயில் தேருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். வளையல் கடையில் நிற்கும்போது வசந்தி எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் முகத்தை வெட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வேகமாக நடந்தாள். அவளுடைய மகள் பின்னால் ஓடினாள். "அம்மா நில்லு! அம்மா, நில்லும்மா!" என்று கத்திக்கொண்டே போனாள்.

வளையலைப் பார்த்துக்கொண்டிருந்த பரமேஸின் மகள் அந்தச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தினாள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணுக்கு மறையும் வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.